பறக்கவிட்டு அளப்பது பற்றி எதைப் படிக்கலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கல்வி மலரில் விமானப் பொறியியல் படிப்பைப் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். எந்தக் கல்லூரி, எத்தனை இடம், கட்டணம் எவ்வளவு, முடித்தால் என்ன வேலை என்று எல்லாம் இருந்தது. எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பையன் அதைக் கத்தரித்துக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். "தாத்தா, இதுல ஃபிளைட் டெஸ்ட்னு ஒரு வரி இருக்கு, அதைப் பத்தி எதைப் படிக்கிறது?" என்று கேட்டான். ஃபிளைட் டெஸ்ட் என்றால் விமானத்தைப் பறக்கவிட்டுச் சோதிப்பது. ஒரு வரிதான் இருந்தது, அதற்கு மேல் எதுவும் இல்லை. அவனிடம் அன்று சாயங்காலம் வரை பேசினேன். பேசியதை எழுதி அனுப்பினால் அவனைப் போல இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், முடிந்தால் முழுதாகப் போடுங்கள்.

நான் பாலக்கோட்டுக்காரன். தமிழ் வழியில் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, பெங்களூரில் ஒரு விமான நிறுவனத்தில் கருவிப் பிரிவில் டெக்னீஷியனாக 31 வருஷம் வேலை பார்த்தேன். புதிதாகச் செய்த விமானத்தைச் சோதனைக்குப் பறக்கவிடும்போது அதற்குள் அளவுக் கருவிகளைப் பொருத்துவது எங்கள் வேலை. விமானத்தின் சொந்த வயரோடு குழம்பிவிடக் கூடாது என்று சோதனைக் கருவிகளுக்கு ஆரஞ்சு நிற வயர்தான் இழுப்போம். இறக்கை எவ்வளவு இழுபடுகிறது என்று அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜை அதற்குள் ஒட்டுவது, அதன் காலில் முடி மாதிரி இருக்கும் கம்பியைப் பற்ற வைப்பது, மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் பூம் குழாயைச் சரிபார்ப்பது, டெலிமெட்ரியில், அதாவது பறக்கும் விமானத்தில் இருந்து ரேடியோ வழியாக, எண்கள் தரைக்குச் சரியாக இறங்குகின்றனவா என்று பார்ப்பது, இதுதான் என் ஆயுசில் பாதி. பறந்தவர்கள் வேறு பேர். ஆனால் அவர்கள் இறங்கி வந்ததும் என்ன எழுதுகிறார்கள், அப்புறம் இன்ஜினியர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் டெஸ்ட் பைலட் என்றால் உயிரைப் பணயம் வைக்கும் வீரர் என்ற எண்ணம்தான் இருக்கிறது. அவர்கள் வீரர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. பெங்களூரில் சுரஞ்சன் தாஸ் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது, நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் எத்தனையோ பேர் தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிறார்கள். 1961 ஜூன் 17-ல் நம் நாட்டிலேயே வடிவமைத்த மாருத் போர் விமானத்தை முதன்முதலில் பறக்கவிட்டவர் அவர். 1970 ஜனவரியில் அதே மாருத்தின் இன்னொரு வகையைச் சோதிக்கும்போது உயிரை விட்டார். அவரைப் போன்றவர்களுக்குச் செய்யும் மரியாதை, அவர்கள் செய்த வேலை என்ன என்று தெரிந்துகொள்வதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த வேலை அளப்பது. இந்த எடையில், இந்த உயரத்தில், இந்த வேகத்தில் விமானம் என்ன செய்கிறது என்பதை எண்ணாக எடுத்துக்கொண்டு இறங்கி வருவது. வடிவமைத்தவர் காகிதத்தில் போட்ட கணக்கும் வானத்தில் வந்த கணக்கும் ஒத்துப்போகிறதா என்று நேர்மையாகச் சொல்வது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்து மாவட்டம் ஒன்றில் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் பேச அழைத்தார்கள். கடைசி வருஷ மாணவர்கள், அறுபது பேர் இருக்கும். ஒரு சோதனைப் பறப்பின் அறிக்கையையாவது, முழுதாக வேண்டாம், ஒரு பக்கமாவது பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஒரு கையும் எழவில்லை. நூலகத்தில் இதற்கென்று நாலைந்து நல்ல புத்தகம் இருந்தது, ஆனால் கண்ணாடி அலமாரியில் பூட்டி, சாவி துறைத் தலைவரிடம் இருந்தது. பிள்ளைகள் கையில் இருந்ததெல்லாம் இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதும் கைடுதான். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்து, "சார், எங்களுக்கு என்ன இருக்குன்னே தெரியல சார், பேரைச் சொன்னாத்தானே தேடுவோம்" என்றாள். அது நியாயமான பேச்சு. அதனால் பெயரைச் சொல்கிறேன்.

இந்தத் துறையின் நல்ல எழுத்துகளில் பெரும்பகுதி இலவசம், அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க அரசு அமைப்புகள் வெளியிட்டவை பலவற்றை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஐந்தாயிரம், எட்டாயிரம் விலை போட்ட புத்தகத்தைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டியதில்லை.

தொடங்க வேண்டியது, அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட 90-89 என்ற எண்ணுள்ள அட்வைசரி சர்க்குலர். சொந்தமாகச் சின்ன விமானம் கட்டுகிறவர்களுக்காக எழுதியது. பேரைக் கேட்டால் சுற்றறிக்கை மாதிரி இருக்கும், திறந்து பார்த்தால் ஒரு மூத்த மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிற மாதிரி இருக்கும். விமானத்தை எடை போடுவதில் தொடங்கி, தரையிலேயே ஓட்டிப் பார்ப்பது, முதல் பறப்பு, அப்புறம் முதல் பத்து மணி நேரம், அதற்கப்புறம் படிப்படியாக நாற்பது மணி நேரம் வரை என்ன வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்று போகும். கணக்கு அதிகம் கிடையாது, ஆங்கிலமும் எளிது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். இதில் கற்க வேண்டியது அந்த வரிசைதான். முதல் நாளே வேகமாகப் போய்ப் பார்ப்போம் என்று யாரும் போவதில்லை. இன்றைக்குப் பார்த்த எண் சரி என்று தெரிந்த பிறகுதான் நாளைக்கு அடுத்த படி.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் பைக் என்ஜினைக் கட்டிக்கொண்டு பறக்கக் கிளம்ப வேண்டாம். நம் நாட்டில் அதற்கு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் அனுமதி வேண்டும், விதிகள் வேறு. நான் சொல்வது படிக்க மட்டும்.

அடுத்தது, என்னைக் கேட்டால் இருப்பதிலேயே அருமையானது, அமெரிக்கக் கடற்படையின் டெஸ்ட் பைலட் பள்ளி தன் மாணவர்களுக்காக எழுதிய கையேடுகள். 108 என்ற எண் போட்டது விமானத்தின் செயல்திறன் பற்றியது, 103 என்பது நிலைத்தன்மையும் கட்டுப்பாடும். முதலில் 108. அதிலும் முழுதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், இரண்டாவது அத்தியாயத்தை மட்டும் எடுங்கள், பிட்டோ-ஸ்டாட்டிக் பற்றியது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே முறையில் போகும். எதற்காக இந்தச் சோதனை, பின்னால் உள்ள கோட்பாடு என்ன, எப்படிப் பறக்க வேண்டும், வந்த எண்ணை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும், அதில் இருந்து என்ன முடிவு சொல்லலாம் என்று. அந்த முறை ஒரு தடவை மனதில் உட்கார்ந்துவிட்டால் எந்த இயந்திரத்தையும் சோதிக்கலாம், விமானம்தான் வேண்டும் என்றில்லை.

ஏன் அந்த அத்தியாயம் என்றால், விமானத்தில் எல்லா எண்ணுக்கும் தாய் அதுதான். முன்பக்கம் நோக்கி நீட்டிய குழாய் ஒன்று, எதிரே வரும் காற்றின் அழுத்தத்தைப் பிடிக்கும், அது பிட்டோ. உடம்பின் பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள், சும்மா இருக்கும் காற்றின் அழுத்தத்தை எடுக்கும், அது ஸ்டாட்டிக். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வேகம், ஸ்டாட்டிக் மட்டும் பார்த்தால் உயரம். கேட்க எளிது. ஆனால் விமானம் தானே காற்றைத் தள்ளிக்கொண்டு போவதால் அந்தத் துளை இருக்கும் இடத்தில் காற்று சும்மா இருப்பதில்லை, அதனால் அழுத்தம் கொஞ்சம் தப்பாக வரும். எவ்வளவு தப்பு என்று வேகத்துக்கு வேகம் கண்டுபிடித்து அட்டவணை போட்டால்தான் மற்ற சோதனைகள் எதற்கும் அர்த்தம் உண்டு. 1996 அக்டோபர் 2-ல் பெரு நாட்டில் ஒரு போயிங் 757 விமானத்தைக் கழுவித் துடைக்கும்போது அந்த ஸ்டாட்டிக் துளைகளின் மேல் டேப் ஒட்டி, அப்புறம் எடுக்க மறந்துவிட்டார்கள். இரவு நேரம், கடலுக்கு மேல், விமானிகளுக்கு உயரமும் தெரியவில்லை, வேகமும் தெரியவில்லை. 70 பேர் இறந்தார்கள். என் கையாலேயே அந்தத் துளைகளை எத்தனையோ தடவை மூடித் திறந்திருக்கிறேன், மூடினால் சிவப்பு ரிப்பன் தொங்கவிட வேண்டும், எடுத்தால் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சம்பவத்தைப் படித்த பிறகு நான் இரண்டு தடவை எண்ண ஆரம்பித்தேன்.

இதைப் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். எங்கள் தெருப் பையனையும் அவன் அண்ணனையும் காரிமங்கலம் பக்கம் வண்டி அதிகம் இல்லாத ஒரு நேர் சாலைக்கு விடிகாலையில் அனுப்பினேன். அண்ணன் பைக் ஓட்ட வேண்டும், போனைப் பார்க்கவே கூடாது, ஸ்பீடாமீட்டரில் 30-ஐப் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டு "ரெடி" என்று சொல்ல வேண்டும். பின்னால் உட்கார்ந்த தம்பி போனில் ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தை அட்டையில் எழுத வேண்டும். அப்படியே 40, 50, 60. ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை. திரும்பி வந்தபோது அட்டையைப் பார்த்தேன், மீட்டர் 40 காட்டும்போது போன் 37, மீட்டர் 60 என்றால் போன் 55. பைக் மீட்டரைக் கொஞ்சம் கூடவே காட்டும்படிதான் செய்கிறார்கள், குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக. அதைக் கோடு போட்ட தாளில் புள்ளி வைத்து வளைவாக வரைந்தான் பையன். அந்த வளைவுக்குத்தான் விமானத்தில் பொசிஷன் எரர் வளைவு என்று பேர் என்றதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பின்னால் உட்கார்ந்து எழுதினானே, அதுதான் ஃபிளைட் டெஸ்ட் இன்ஜினியர் வேலை.

சரி, விமானத்தில் ஒரு சிக்கல் கூட உண்டு. பைக் மீட்டர் சக்கரத்தை எண்ணுகிறது, விமானம் காற்றை எண்ணுகிறது, காற்றோ தானே ஓடுகிறது. ஜி.பி.எஸ். தரையைப் பொறுத்த வேகத்தைத்தான் சொல்லும். அதனால் ஒரே வேகத்தில் போய்விட்டு அதே கோட்டில் திரும்பி வர வேண்டும். போகும்போது 112 நாட் (விமானத்தில் வேகத்தைச் சொல்லும் அலகு), வரும்போது 88 நாட் என்றால் காற்று 12 நாட், விமானத்தின் உண்மையான வேகம் 100. காற்று குறுக்கே அடித்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும், அதற்கு மூன்று திசையில் பறந்து கணக்குப் போடும் முறை இருக்கிறது. ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் ஓடுபாதையை ஒட்டித் தாழப் பறந்து, கோபுரத்தில் இருந்து பார்த்து உயரத்தை அளந்து, அதை விமானத்தின் உயரமானியான ஆல்டிமீட்டரோடு ஒப்பிடுவார்கள். அதுவும் அந்தக் கையேட்டில் இருக்கிறது.

மூன்றாவது அத்தியாயம் ஸ்டால். இதைப் பற்றி உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். விமானம் ஸ்டால் ஆனது என்று செய்தி வந்தால் தயவுசெய்து என்ஜின் நின்றுவிட்டது என்று மொழிபெயர்க்காதீர்கள். என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கலாம். காற்று வரும் திசைக்கு இறக்கை ஓர் அளவுக்கு மேல் தூக்கிக்கொண்டால், மேல்பக்கத்தில் காற்று ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொள்ளும், தூக்கும் விசை விழுந்துவிடும், அதுதான் ஸ்டால். நாங்கள் அதைக் கண்ணால் பார்க்க இறக்கையின் மேல் கம்பளி நூல் துண்டுகளை வரிசை வரிசையாக டேப் வைத்து ஒட்டுவோம், ஒரு விரல் நீளம்தான் இருக்கும். மேலே கேமரா. காற்று ஒட்டி ஓடும் வரை நூல் எல்லாம் பின்பக்கமாகப் படிந்து கிடக்கும், பிய்த்துக்கொள்ளும் இடத்தில் நூல் துடிக்கும், சில சமயம் முன்பக்கமாகவே திரும்பிவிடும். எந்த இடத்தில் முதலில் துடிக்கிறது என்பதுதான் கேள்வி. உடம்புக்குப் பக்கத்தில் தொடங்கினால் நல்லது, நுனியில் தொடங்கினால் விமானம் ஒரு பக்கமாகப் புரளும். தெர்மோகோலில் இறக்கை வடிவம் வெட்டி, நூல் ஒட்டி, மேசை மின்விசிறி முன்னால் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள், ஓரளவுக்குத் தெரியும்.

ஸ்டால் வேகத்தை அளக்கும்போது நொடிக்கு ஒரு நாட் வீதத்துக்கு மேல் வேகத்தைக் குறைக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. சட்டென்று இழுத்தால் உண்மையை விடக் குறைந்த வேகத்தில்தான் ஸ்டால் ஆன மாதிரி எண் வரும், விமானம் நல்ல பேர் வாங்கிவிடும், அப்புறம் அந்த எண்ணை நம்பி இறங்குகிற விமானி மாட்டிக்கொள்வார். இந்த மாதிரி நுணுக்கங்களுக்கு எஃப்.ஏ.ஏ.யின் 23-8 (சின்ன விமானங்கள்), 25-7 (பெரிய பயணிகள் விமானங்கள்) என்ற இரண்டு வழிகாட்டிகள் இருக்கின்றன. அவை தொடர்ந்து படிக்கிற புத்தகம் இல்லை, தேவைப்படும்போது எடுத்துப் பார்ப்பது.

காற்றியல் அடிப்படை பலவீனமாக இருந்தால் அமெரிக்கக் கடற்படைக்காக ஹர்ட் என்பவர் எழுதிய 'ஏரோடைனமிக்ஸ் ஃபார் நேவல் ஏவியேட்டர்ஸ்' போதும். 1960-களின் புத்தகம், படங்கள் பிரமாதம், இதுவும் இலவசமாகக் கிடைக்கிறது. நேட்டோ ராணுவக் கூட்டணியின் அகார்டு என்ற விமான ஆராய்ச்சி அமைப்பு ஃபிளைட் டெஸ்ட் முறைகளுக்கென்று 300 என்ற எண்ணில் ஒரு வரிசையே போட்டது. அதில் 14-ஆம் தொகுதி, 1995-ல் வந்தது, மொத்தத் துறைக்கும் அறிமுகம். கல்லூரி மூன்றாம் வருஷத்தில் அதைத் தொடலாம்.

அப்புறம் ஒரு சின்ன அறிக்கை, பக்கம் குறைவு, ஆனால் அதை நான் நாலு தடவையாவது படித்திருப்பேன். 1969-ல் நாசா வெளியிட்டது, கூப்பர், ஹார்ப்பர் என்ற இருவர் எழுதியது, எண் டி.என். டி-5153. விமானம் ஓட்ட எப்படி இருக்கிறது என்பதை எண்ணாக்குவது எப்படி என்பதுதான் விஷயம். நம் தொப்பூர் கணவாயில் இறங்கி வந்த லாரி டிரைவரிடம் வண்டி எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் இருக்கு" என்பார். அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. எந்த வளைவில், எந்த லோடில், எத்தனை தடவை ஸ்டீயரிங்கைத் திருத்த வேண்டியிருந்தது, கவனம் முழுதும் அதிலேயே போனதா இல்லை கண்ணாடியைப் பார்க்க நேரம் இருந்ததா என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். இவர்கள் அதைத்தான் ஒழுங்குபடுத்தினார்கள். முதலில் வேலையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இந்த இடத்துக்குள் சக்கரம் தொட வேண்டும் என்பது மாதிரி. பிறகு விமானி மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கட்டுப்படுத்த முடிகிறதா? தாங்கக்கூடிய சிரமத்தில் போதுமான அளவுக்காவது வேலை நடக்கிறதா? எதையும் மாற்றாமலே திருப்தியா? பதிலைப் பொறுத்து 1 முதல் 10 வரை மதிப்பெண், 1 அருமை, 10 என்றால் கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறது என்று அர்த்தம். இன்றைக்கும் உலகம் முழுக்க இந்த அளவுகோல்தான் புழக்கத்தில் இருக்கிறது. மனிதன் உணர்வதையும் அளக்கலாம், கேள்வியைச் சரியாகக் கேட்டால் போதும் என்று எனக்குப் புரிய வைத்த பக்கங்கள் அவை.

இதெல்லாம் வெளிநாட்டு விஷயம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. பெங்களூரில் விமானப்படையின் விமானச் சோதனை அமைப்பான ஏ.எஸ்.டி.இ. இருக்கிறது, அதற்குள் 1973 முதல் டெஸ்ட் பைலட் பள்ளி நடக்கிறது, ஃபிளைட் டெஸ்ட் இன்ஜினியர்களும் அங்கேதான் பயிற்சி எடுக்கிறார்கள். உலகத்தில் இப்படிப்பட்ட பள்ளிகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். 2001 ஜனவரி 4-ல் நம் நாட்டுப் போர் விமானமான தேஜஸ் முதன்முதலில் 18 நிமிஷம் பறந்தது அந்த ஊரில்தான். ககன்யானுக்குத் தேர்வான நால்வருமே டெஸ்ட் பைலட்கள். நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியிலேயே, ஓசூருக்குப் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் ஒரு தனியார் விமான ஓடுபாதை இருக்கிறது.

இன்னும் நெருக்கமாக ஒன்று. பெங்களூரில் உள்ள அரசு விமான ஆய்வகமான என்.ஏ.எல். செய்த ஹன்சா-என்.ஜி. என்ற இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானத்தை 2022 பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூரில் இருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நேர்கோடு போட்டால் அது கிருஷ்ணகிரி மாவட்டத்தைத் தாண்டித்தான் போகும். பெங்களூரிலேயே பறக்கிற விமானத்தை ஏன் அங்கே கொண்டுபோக வேண்டும்? பெங்களூர், ஓசூர் எல்லாம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டரில் இருக்கின்றன. அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தை விட நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைவு, ஓசூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறதே, அதே காரணம்தான். காற்றின் அடர்த்தி மாறினால் என்ஜின் சக்தி மாறும், இறக்கை தூக்குவது மாறும், ஓடுபாதையில் எவ்வளவு தூரம் ஓடி எழும்பும் என்பது மாறும். கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்தான், ஆனால் கடல் மட்டத்தில் ஒரு தடவை அளந்து பார்க்காமல் அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டார்கள். 108-ஆம் கையேட்டைப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்தச் செய்தி உடனே புரியும், படிக்காத பிள்ளைக்கு விமானம் புதுச்சேரிக்குச் சுற்றுலா போன மாதிரிதான் இருக்கும்.

கடைசியாகச் சொல்வது கஷ்டமான படிப்பு. விபத்து விசாரணை அறிக்கைகள். 2009 மார்ச் 6-ல் பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதி அருகே சரஸ் விமானத்தின் இரண்டாவது மாதிரி விழுந்தது. இரண்டு விமானிகள், ஒரு ஃபிளைட் டெஸ்ட் இன்ஜினியர், மூன்று பேரும் விமானப்படைக்காரர்கள், மூவரும் போய்விட்டார்கள். அன்று அந்தச் செய்தி வந்தபோது நாங்கள் ஹேங்கரில் இருந்தோம், ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. வானத்தில் ஓர் என்ஜினை வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி ஓடவிடும் சோதனை அது. வகுத்துக் கொடுத்த மறு இயக்க முறை தவறு, உயரமும் போதவில்லை, அதனால் விமானம் வேகமாக உயரம் இழந்தது என்று விசாரணை அறிக்கை சொன்னது. இதை யாரையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. பறப்பதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக்கொள்ளும் சோதனை அட்டையில், எந்த உயரத்துக்குக் கீழே போனால் கைவிட வேண்டும் என்று ஒரு வரி ஏன் இருக்கிறது என்பதைப் பாடப் புத்தகம் சொல்லிப் புரிவதை விட அந்த அறிக்கை ஆழமாகப் புரிய வைக்கும். அதைப் படிக்கும்போது மெதுவாகப் படியுங்கள், அந்த மூன்று பேரையும் நினைத்துக்கொண்டு படியுங்கள்.

நல்ல முடிவு கண்ட கதையும் உண்டு. அரசு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லின் சிதாரா பயிற்சி விமானம் 2003-ல் முதலில் பறந்தது, ஸ்பின்னில், அதாவது சுழன்று விழும் நிலையில், பிரச்சினை வந்து வருஷக்கணக்கில் தேங்கி நின்றது. வாலை மாற்றி அமைத்தார்கள், மறுபடி ஒவ்வொரு சுற்றாகச் சோதித்தார்கள், 2022 ஜனவரியில் இடப்பக்கம் ஆறு சுற்று, வலப்பக்கம் ஆறு சுற்று ஸ்பின்னில் போய் வெளியே வந்து காட்டியது. ஏறக்குறைய இருபது வருஷம். இந்த வேலையில் பொறுமை என்றால் அதுதான்.

ஆங்கிலம் என்று பயப்படும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மேனுவலில் ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். முதலில் படங்களையும் வரைபடங்களையும் மட்டும் பார்ப்பேன், கிடையாக என்ன போட்டிருக்கிறார்கள், நிமிர்ந்த கோட்டில் என்ன, என்ன அலகு என்று. அப்புறம்தான் எழுத்து. புரியாத சொல்லை ஒரு நோட்டில் எழுதி எதிரே தமிழில் எனக்குத் தோன்றிய அர்த்தத்தை எழுதுவேன், அகராதி அர்த்தம் பல சமயம் உதவாது. ஆறு மாதத்தில் அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தெரிந்துவிட்டது, மொத்தமே முந்நூறு சொல் இருக்கும். தனியாகப் படிப்பதை விட மூன்று பேராகப் படித்தால் நல்லது, ஒருவர் படிக்க ஒருவர் கேள்வி கேட்க ஒருவர் கணக்குப் போட. அலகுகளில் மட்டும் கவனம் வேண்டும், இவை எல்லாம் அடி, பவுண்டு, நாட் என்ற அலகுகளில்தான் இருக்கும். காணொளிகளைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதில் தாவிக் குதிக்கும் விமானம்தான் வரும், அளவு அட்டை வராது.

நூலகத் துறைக்கும் உங்கள் மூலம் ஒரு கோரிக்கை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நூலகங்களில் போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு என்று தனி அறை இருப்பது நல்ல விஷயம். அதிலேயே ஓர் அலமாரி, பூட்டு இல்லாமல், இந்த ஆவணங்களை அச்சிட்டு பைண்டிங் போட்டு வைத்தால் போதும். ஓசூரைப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஒரு மையமாக அரசு அறிவித்திருக்கிறது, பாகம் செய்யும் பட்டறைகள் வருகின்றன, நம் பிள்ளைகள் அங்கே லேத்துக்கும் மில்லிங்குக்கும் மட்டும் போனால் போதாது, சோதித்துச் சொல்லும் மேசையிலும் உட்கார வேண்டும். உங்கள் மலரிலும் மாதம் ஒரு அரைப் பக்கம் ஒதுக்கி இப்படி ஓர் ஆவணத்தைப் பிரித்துப் போடுங்கள், முதல் மூன்றையும் தமிழில் எழுதித் தர நான் தயார்.

இந்த மாதம் 90-89-ஐயும், 108-ல் முதல் மூன்று அத்தியாயங்களையும் இரண்டிரண்டு பிரதி எடுத்துச் சுருள் கம்பி போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்று எங்கள் தெருப் பையனிடம் போய்விட்டது. இன்னொன்றைப் பாலக்கோடு கிளை நூலகத்தில் கொடுக்கிறேன், நூலகர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பையனும் அவன் அண்ணனும் வருகிற ஞாயிற்றுக்கிழமை டயரில் காற்றைக் குறைத்தால் அந்த வளைவு நகருகிறதா என்று பார்க்க மறுபடி போகிறார்கள், அட்டை எழுதியாகிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவிப் பிரிவு டெக்னீஷியன்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.